"ஓரமாப் போ" என்ற சொல்லின் கதை



பேரனோ பேத்தியோ பைக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது நம் வீடுகளில் தவறாமல் சொல்கிற வார்த்தைகள் இரண்டு. "மெதுவாப் போ." "ஓரமாப் போ." முதல் வார்த்தையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது அப்படியில்லை. ஓரம் என்றால் எது? தாரின் விளிம்பா? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள இடமா? அதற்கும் அப்பால் இருக்கிற மண்ணா? எல் போர்டு மாட்டிக்கொண்டு உரிமத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளை நம்மைத் திருப்பிக் கேட்டால், நம்மில் எத்தனை பேர் தெளிவாகப் பதில் சொல்வோம்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையையும், கடற்கரையோடு போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையையும் ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவர்கள் நாம். சாலை மாறிவிட்டது. வண்டி மாறிவிட்டது. நம் வாயில் இருக்கிற "ஓரமாப் போ" மட்டும் மாறவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, இன்றைய சாலையில் அதற்கு என்ன பொருள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

இடமும் வலமும்

முதலில், நாம் ஏன் இடப்பக்கம் போகிறோம்? இது இங்கிலாந்து நமக்கு விட்டுச் சென்ற வழக்கம். அங்கே 1835-ம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் வண்டிகள் இடப்பக்கம் போக வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, குதிரை வண்டிக்காக எழுதிய விதி அது. அவர்கள் ஆண்ட நாடுகளுக்கும் அந்த வழக்கம் போயிற்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இன்றும் இடப்பக்கம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் வலப்பக்கம். அவர்களுடைய முதல் முழுமையான சாலை விதித் தொகுப்பு 1921 மே மாதம் வந்தது. பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு இதில் ஒரு சின்னச் சிரமம் உண்டு. பாடப் புத்தகத்துப் படங்களில் வண்டிகள் எல்லாம் ஒரு பக்கம் போகும். தெருவில் இறங்கினால் எல்லாம் மறுபக்கம் போகும். எது சரி என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். சுவீடன் நாடு 1967 செப்டம்பர் 3-ம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. நம் பக்கத்து நாடான பர்மா 1970 டிசம்பர் 6-ம் தேதி மாறியது. ஒரே நாளில் மாற முடிகிறது என்றால், பக்கம் என்பது ஊர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்றுதானே பொருள்?

ஆனாலும் நமக்கு இடப்பக்கம் போவதில் ஒரு பொருத்தம் அமைந்திருக்கிறது. இடப்பக்கம் போகிற நாட்டில் ரவுண்டானாவைச் சுற்றும்போது நடுமேடை நமக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். கோயிலை வலம் வருவதும் அப்படித்தான். சுவாமி வலக்கைப் பக்கம் இருக்க நாம் சுற்றி வருகிறோம். திருக்கழுக்குன்றத்தில் மலையைச் சுற்றுகிறவர்களும் இதே திசையில்தான் சுற்றுகிறார்கள். பாரீசில் ரவுண்டானாவைச் சுற்றுவது நம் கணக்கில் அப்பிரதட்சிணம்!

ஏரிலும் வண்டியிலும் பூட்டுகிற மாடுகளுக்கு இடத்தை, வலத்தை என்று தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் நாம். இடத்தையாகப் பழகிய மாட்டை வலப்பக்கம் பூட்டினால் அது முரண்டு பிடிக்கும் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும். பக்கம் என்பது பழக்கம். ஆனால் அந்தப் பக்கத்துக்குள் எந்த இடத்தில் நிற்பது என்பது பழக்கத்தால் மட்டும் வராது. அதற்குத்தான் விதியை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

விதியின் வால்

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வண்டிச் சட்டம் 1914-ல் வந்தது. அதன் இடத்தில் 1939-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் பத்தாம் அட்டவணையில்தான் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான சாலை விதிகள் இருந்தன. பிறகு 1988-ம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடவே சாலை விதிகள் தனியாக வெளியாயின. அவற்றுக்குப் பதிலாக 2017-ல் இன்னும் விரிவான ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன.

இத்தனை மாறுதல்களிலும் இடப்பக்க விதியின் சாரம் மாறவில்லை. 1939-லும் 1989-லும் அந்த வாக்கியம் ஏறக்குறைய இப்படி: ஓட்டுநர் தன் வண்டியை, உசிதமான அளவுக்குச் சாலையின் இடப்பக்கத்தை ஒட்டி ஓட்ட வேண்டும், எதிரே வருகிற வண்டிகளைத் தன் வலப்பக்கமாகக் கடந்து போக விட வேண்டும்.

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விதியைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வாலைத் தேடுவோம். "இயன்றவரை", "எனினும்", "பொருந்தும் அளவுக்கு" என்று ஒரு சொல் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும். விதியின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த விதியில் அந்தச் சொல் "உசிதமான அளவுக்கு" என்பது. ஆங்கில மூலத்தில் "எக்ஸ்பீடியன்ட்" என்று இருக்கிறது. "முடிந்த மட்டும் ஓரம்" என்று சட்டம் எழுதவில்லை. நிலைமையைப் பார்த்து, எவ்வளவு ஓரம் தகுமோ அவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அதைத் தீர்மானிக்கிற பொறுப்பை ஓட்டுகிறவனிடம் கொடுத்திருக்கிறது.

பிரெஞ்சு விதியைப் பார்த்தாலும் இதே கதைதான். சாதாரணமாகப் போகும்போது வண்டியை வலது விளிம்புக்கு அருகில் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சாலையின் நிலையும் அமைப்பும் இடம் கொடுக்கிற மட்டும் என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் இடம், ஒருவர் வலம். ஆனால் விளிம்பு எப்போதும் பத்திரமான இடம் இல்லை என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

நாம் அந்த வாக்கியத்தைப் பேச்சுவழக்கில் சுருக்கினோம். சுருக்கும்போது வால் போய்விட்டது. "ஓரமாப் போ" என்பது மட்டும் நின்றது. அப்படி நின்றதற்கும் காரணம் இருக்கிறது. அது நம் பழைய சாலைகளில் இருக்கிறது.

ஒற்றைத் தார் பட்டை

1927-ல் அமைத்த ஜெயகர் குழு இந்தியச் சாலைகளின் நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1929-ல் மத்திய சாலை நிதியும், 1934-ல் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பும் ஏற்பட்டன. அப்போதும் அதற்குப் பிறகு வெகுகாலமும் நம் மாவட்டச் சாலைகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தார் பட்டைகள். பொறியாளர் கணக்கில் ஒருவழிப் பட்டையின் அகலம் 3.75 மீட்டர், ஏறக்குறைய 12 அடி. இரண்டு பக்கமும் மண்.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் தார், இரண்டு பக்கமும் செம்மண் அல்லது மணல், அதற்கப்பால் புளியமரம். மரத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசியிருக்கும். கட்டை வண்டிகளின் சக்கரத்தில் இரும்புப் பட்டை இருக்கும். பாரம் ஏற்றிய வண்டி தாரில் போனால் வெயிலில் இளகிய தார் சேதமாகும். அதனால் கட்டை வண்டிக்கு மண் ஓரம்தான் இடம் என்று ஆயிற்று.

எதிரெதிரே இரண்டு மோட்டார் வண்டிகள் வந்தால்? 12 அடியில் இரண்டு லாரிகள் உரசாமல் கடக்க முடியாது. இரண்டும் இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி, ஆளுக்குப் பாதித் தாரை எடுத்துக்கொண்டு கடக்கும். இதுதான் மரியாதை. ஆனால் பஸ்ஸும் சைக்கிளும் எதிரெதிரே வந்தால் இந்த மரியாதை கிடையாது. பஸ் தாரிலேயே வரும். சைக்கிள்காரர் மண்ணில் இறங்கி ஒரு காலை ஊன்றி நிற்பார். லாரியில் கிளீனர் பையன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பலகையில் படபடவென்று தட்டிக்கொண்டே கத்துவான்: "ஓரமாப் போ!"

ஆக, நம் காதில் இந்தச் சொல் ஏறியது பாதுகாப்பு விதியாக அல்ல. பெரிய வண்டி சின்ன வண்டிக்கு இட்ட கட்டளையாக. ஒற்றைப் பட்டைச் சாலையில் அதற்கு ஓர் அர்த்தமும் இருந்தது. பஸ் மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டரில் வரும். சைக்கிளோ அதில் பாதிகூட வராது. மண்ணில் இறங்கினால் உயிர் தப்பலாம். மண்ணில் வேறு ஆபத்தும் கிடையாது. போனால் ஒரு கட்டை வண்டி, இரண்டு ஆடு.

சின்ன வண்டிகளின் பெருக்கம்

அந்தச் சைக்கிள்காரர் மோட்டார் வண்டிக்காரர் ஆன கதையும் நம் பக்கத்தில்தான் நடந்தது. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வெளிவந்தது. ஆனால் புல்லட் எல்லார் வீட்டு வண்டியும் இல்லை. போலீஸ்காரர், பண்ணையார், மின்வாரிய அதிகாரி என்று ஊருக்கு நாலு பேரிடம் இருக்கும். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பால்காரர்கள், மீன் வியாபாரிகள் எல்லோரும் வாங்கினார்கள். 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. ஒரு லிட்டரில் இவ்வளவு தூரமா என்று ஊரே கணக்குப் போட்டது.

சைக்கிளிலிருந்து இறங்கி இந்த வண்டிகளில் ஏறியவர்கள் சைக்கிள் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். வண்டி மணிக்கு அறுபது போனது. ஆனால் மனம் சைக்கிளின் இடத்திலேயே, தாரின் விளிம்பிலேயே இருந்தது. அந்த வழக்கம்தான் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் வந்திருக்கிறது.

சாலை அகன்றது, ஓரம் மாறியது

இப்போது நம் இரண்டு பெரிய சாலைகளைப் பாருங்கள்.

முன்பெல்லாம் சென்னையிலிருந்து புதுச்சேரி போக வேண்டுமானால் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு, திண்டிவனம் வழிதான். கடற்கரையோடு தொடர்ச்சியான நல்ல சாலை கிடையாது. மீனவ ஊர்களை இணைத்த துண்டுச் சாலைகளும் பக்கிங்காம் கால்வாயும்தான். 1990-களில் அந்தத் துண்டுகளை இணைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானது. 2002-ல் அது மேம்படுத்தப்பட்டுச் சுங்கச் சாவடிகளோடு வந்தது. பிறகு மாமல்லபுரம் வரை நான்கு வழியானது. அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் 2000-க்குப் பிறகு நான்கு வழியாகி, செங்கல்பட்டுக்கு வடக்கே இன்னும் அகன்றுவிட்டது. கொளவாய் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் வண்டிகள் ஓய்வதே இல்லை.

இந்தச் சாலைகளில்தான் "தடம்" என்ற புது விஷயம் நமக்கு வந்தது. பிள்ளைகள் லேன் என்கிறார்கள். இருவழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். கவனியுங்கள்: நம் பழைய செங்கல்பட்டுச் சாலையின் மொத்தத் தார் அகலமும் 3.75 மீட்டர்தான். அன்றைக்கு ஒரு சாலை முழுக்க இருந்த அகலம் இன்றைக்கு ஒரு தடம். அந்த ஒரு தடத்துக்குள்ளேயே இடம், நடு, வலம் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. பைக்காரர் இந்த மூன்றில் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

கோடுகளும் பேசுகின்றன. நடுவில் விட்டு விட்டுப் போட்ட வெள்ளைக் கோடு: பார்த்துத் தாண்டலாம். விடாமல் போட்ட கோடு: தாண்டக் கூடாது. ஓரத்தில் நீளமாகப் போகிற கோடு: ஓடுபாதை இங்கே முடிகிறது. சாலைக் குறிகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1970-லேயே நெறிமுறை வெளியிட்டது. ஆனால் நம் ஊர்ச் சாலையில் கோடு பார்க்க வெகுகாலம் காத்திருந்தோம். அதனால்தானோ என்னவோ, கோட்டை இன்னும் அலங்காரமாகவே பார்க்கிறோம்.

இன்றைய ஓரத்தில் என்ன இருக்கிறது? கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். சவுக்குத் தோப்புப் பக்கம் உதிர்ந்த ஊசி இலை. மழை பெய்தால் வழுக்கும். இளநீர்க் கடை, நுங்குக் கடை, அவற்றுக்காகச் சட்டென்று ஒதுங்குகிற கார்கள். பார்க்காமல் திறக்கிற கார்க் கதவுகள். ஆள் ஏற்ற நிற்கிற ஷேர் ஆட்டோ. விளக்குப் போடாமல் நிறுத்திய லாரி. இரவில் படுத்திருக்கிற மாடு.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது எதிர்த்திசையில் வருகிற பைக். சாலைக்கு நடுவே தடுப்பு வைத்தபோது ஊர்களும் இரண்டாகப் பிரிந்தன. வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம். முறையாகத் திரும்புகிற இடம் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருவானேன் என்று ஆட்கள் ஓரத்தோடு ஓரமாக எதிரே வந்துவிடுகிறார்கள். அவர்கள் வருவதும் "ஓரமாப் போ" என்ற அதே நினைப்பில்தான். விளிம்பில் போகிற நம் பிள்ளையும் விளிம்பில் வருகிற அவரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். அன்றைக்கு உயிரைக் காப்பாற்றிய ஓரம் இன்றைக்கு அப்படிக் காப்பாற்றுவதாக இல்லை.

பைக்குக்கு உசிதமான இடம்

அப்படியானால் எங்கே போவது? சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போவோம்.

பல தடங்கள் உள்ள சாலையில், சாதாரணமாகப் போகும்போது இடது தடம் பைக்குக்கு உரியது. ஆனால் அந்தத் தடத்தின் விளிம்பில் வேண்டாம். நடுப்பகுதியில், அல்லது கார்ச் சக்கரம் போய்ப் போய்ச் சுத்தமாகியிருக்கிற இரண்டு சுவடுகளில் ஒன்றில் போகலாம். அங்கே போனால் மூன்று நன்மை. பின்னால் வருகிறவர் இவனை ஒரு முழு வண்டியாகப் பார்ப்பார். இடித்துக்கொண்டு பக்கத்தில் நுழைய மாட்டார். முன்னால் போகிற காரின் கண்ணாடியில் இவன் தெரிவான். இடப்பக்கம் ஏதாவது குறுக்கே வந்தால் ஒதுங்க இரண்டு அடியாவது இருக்கும். விளிம்பிலேயே போகிறவனுக்கு ஒதுங்க வலப்பக்கம் மட்டும்தான் உண்டு. அங்கே பஸ் வந்துகொண்டிருக்கும்.

சிக்னலிலும் சுங்கச் சாவடியிலும் மட்டும் தடத்தின் நட்டநடுவைத் தவிர்ப்பது நல்லது. நிற்கிற வண்டிகளிலிருந்து எண்ணெய் சொட்டுவது அங்கேதான். முதல் மழையில் அது சோப்பு நீர் மாதிரி ஆகிவிடும். சக்கரச் சுவட்டில் நின்றால் போதும். நிற்கும்போது இடது காலை ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்திருக்க வேண்டும்.

மொபெட்டில் மெதுவாகப் போகிறவர்கள் சுத்தமாக இருக்கிற தார் ஓரத்தில் போவதில் தவறில்லை; மெதுவாகப் போகிற வண்டிக்கு அதுவே உசிதம். ஆனால் நிற்கிற வண்டிக்கு வண்டி உள்ளே வெளியே என்று பாம்பு மாதிரி நெளியக் கூடாது. தூரத்தில் ஒரு கார் நிற்பது தெரிந்ததுமே, கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, ஒரு தரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, தடத்துக்குள் வந்துவிட வேண்டும். கடைசி நொடியில் வருகிறவனைப் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

திரும்புவதற்கும் விதியில் இடம் குறித்திருக்கிறார்கள். இடப்பக்கம் திரும்புகிறவன் இடப்பக்கத்தை ஒட்டி வந்து, திரும்பிய பிறகும் இடப்பக்கத்திலேயே போக வேண்டும். வலப்பக்கம் திரும்புகிறவன் முன்கூட்டியே சாலையின் மையத்தை ஒட்டி வர வேண்டும். நம் சாலைகளில் அடிக்கடி பார்ப்பது என்ன? இடது விளிம்பிலிருந்து கையை மட்டும் நீட்டிவிட்டு, முழுச் சாலையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வலப்பக்கம் போவது. இதுவும் சைக்கிள் காலத்துப் பழக்கம்தான். நான்கு வழிச் சாலையில் ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு முறையும் பின்னால் பார்த்து மாற வேண்டும். மாற இடம் கிடைக்கவில்லையா? நேரே போய் அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம்தான் போகும்.

லாரியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நம் முகமும் அவருக்குத் தெரியவில்லை. முந்த வேண்டுமானால் வலப்பக்கமாக முந்த வேண்டும். இல்லையென்றால் பின்னால் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தம் வருகிற இடத்தில் பஸ்ஸுக்கும் விளிம்புக்கும் நடுவே நுழையவே கூடாது. பஸ் இடப்பக்கம் ஒதுங்கினால் போக வழியிருக்காது.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வேண்டும். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முன் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்த மரத்தை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். மழையில் இன்னும் இரண்டு எண்ணிக்கை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டுக்கு அப்பால்

உரிமத் தேர்வு என்றால் நம் ஊரில் ஒரே பேச்சுதான்: "எட்டுப் போட்டாச்சா?" எட்டுப் போடுவது நல்ல பயிற்சி. மெதுவாகப் போகும்போது காலை ஊன்றாமல் சமநிலை காக்கிறானா, கிளட்சும் பார்வையும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் எட்டில் இன்னொரு வண்டி கிடையாது. முன்னால் லாரி இல்லை, பின்னால் பஸ் இல்லை, எதிரே தவறான திசையில் வருகிற பைக் இல்லை.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதினைந்தாம் விதி, தேர்வு எழுத வருகிறவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. திரும்புமுன் கண்ணாடி பார்ப்பது, சிக்னல் கொடுப்பது, முந்துவது, முந்த விடுவது, எதிர் வண்டியைக் கடப்பது, அப்போதெல்லாம் சாலையில் சரியான இடத்தில் இருப்பது எல்லாம் அதில் உண்டு. எட்டைத் தாண்டியும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று விதியே சொல்கிறது.

பழகுநர் உரிமம் வாங்கியதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர உரிமத்துக்குத் தேர்வுக்குப் போகலாம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அந்த 30 நாளைக் காத்திருக்கிற நாளாக எண்ணிக் கழித்துவிடுகிறோம். உண்மையில் அது சாலையில் நிற்கிற இடத்தைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த காலம். உரிமம் உள்ள ஒருவர், கற்றுக்கொடுப்பதற்காக, பின்னால் உட்கார்ந்து வரலாம். எல் போர்டு மாட்டியிருக்கிறவன் வேறு யாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. முதல் வாரம் ஊருக்குள். அடுத்து, காலை வேளையில், திருக்கழுக்குன்றம் சாலை. நடுக்கோடு, வளைவு, எதிரே வருகிற பஸ் எல்லாம் அங்கே பழகும். கடற்கரைச் சாலை கடைசியில். அதுவும் சனி ஞாயிறு வேண்டாம். அந்த நாட்களில் சென்னை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சங்க நூல்களில் தேர் ஓட்டுகிறவனுக்கு வலவன் என்று பெயர். வல்லமை உடையவன் என்று பொருள். குதிரையை விரட்டத் தெரிந்தால் மட்டும் அந்தப் பெயர் வந்திருக்காது. தேரை எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கணக்கு அப்படி இருக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய இரண்டில் ஒருவர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இத்தனை சாவுக்கும் விளிம்பில் போனதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேகம் இருக்கிறது, மது இருக்கிறது, தலைக்கவசம் போடாதது இருக்கிறது. ஆனால் வேகத்தைப் பற்றியும் தலைக்கவசத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாலையில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல அவ்வளவு பேர் இல்லை. சொல்கிற நாமும் பாதியைத்தான் சொல்கிறோம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பேத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது, "ஓரமாப் போ" என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இடது தடத்தில் போம்மா. விளிம்பை ஒட்டாதே. மாறுவதற்கு முன்னால் திரும்பிப் பார்." கொஞ்சம் நீளம்தான். கேட்டுவிட்டு, "தெரியும் தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். போகட்டும். சட்டத்தின் முழு வாக்கியமும் ஒரு தரமாவது அவள் காதில் விழுந்திருக்கும்.